பருத்திக்கொட்டை இருந்த அறை

மதுரையிலிருந்து போடிக்கு ஓடிய சின்ன ரயிலை, அகலத் தண்டவாளம் போடப்போகிறோம் என்று நிறுத்தினார்களே, அதற்கு அடுத்த வருஷம். வீட்டுக்கு வீடு மிக்சியும் கிரைண்டரும் இலவசமாக வர ஆரம்பித்த வருஷம். நம் செவலைக் காளை கண்மாய்க் கரையில் கால் பிசகி விழுந்து மூன்று மாதம் தொழுவத்திலேயே கிடந்த வருஷமும் அதுதான். அந்த வருஷத்தில்தான் நம் வீட்டுக் கொல்லையில் கக்கூஸ் கட்டினார்கள், செல்வி. தேதி சொல்ல எனக்குத் தெரியாது. எழுத்தும் தெரியாது, காலண்டரும் பார்க்கத் தெரியாது. ஆனால் எந்த வருஷம் எது நடந்தது, அன்றைக்கு யார் என்ன சேலை கட்டியிருந்தார்கள் என்பது வரை தலைக்குள் கிடக்கிறது. ஒன்றும் மறந்து தொலைய மாட்டேன் என்கிறது.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது பாண்டியம்மா. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, நமக்கு நாலு வீடு தள்ளிக் குடிவந்ததே, அந்தப் பாண்டியம்மாதான். "அண்ணே, நீங்க பேசுற மாதிரியே எழுதுனா செல்வி பாதியில தூக்கிப் போட்டுரும். நான் ஒழுங்கா எழுதுறேன், நீங்க ஓடாம மெதுவாச் சொல்லுங்க" என்றது. சரி என்றேன். நீ என் போனை எடுத்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. நான் செய்ததும் தப்புத்தான். நீ வேலை பார்க்கிற ஜவுளிக்கடைக்குள் வந்து, அத்தனை பேர் முன்னால் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து மாடிப்படியில் வைத்து நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா இருந்தப்ப இந்த வாய் எங்கப்பா போச்சு?" அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, கடைசி வரை படித்துவிடு.

அந்த அறையைக் கட்டியது ஊராட்சி ஆட்கள். ஆறடிக்கு நாலடி, சிமெண்டுத் தளம், நீலத் தகரக் கதவு. சில நாளிலேயே எழுப்பிவிட்டு, என்னை முன்னால் நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலம் டீக்கடையில் மச்சான் முறைக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "என்ன மாப்ள, உங்க வீட்டு அடுப்புக்கும் அதுக்கும் எட்டுத் தப்படிதானாமே? கொழம்பு வாசம் எது, மத்த வாசம் எதுன்னு எப்படிய்யா பிரிப்ப?" கடையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் காலையில் எழுந்ததும் பருத்திக்கொட்டை மூட்டை நாலையும் புண்ணாக்கு மூட்டை இரண்டையும் அதற்குள் அடுக்கினேன். எலி ஏறாது, மழை ஒழுகாது. சந்தையில் பெருமையாகச் சொன்னேன். கொஞ்ச நாளில் பார்த்தால் ஊரில் பாதி வீட்டில் அதே கதைதான். விறகு அடுக்கியவன் அடுக்கினான், கோழி அடைத்தவன் அடைத்தான். ஊரே செய்கிறது என்றான பிறகு அதைத் தப்பு என்று யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை.

உன் அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஏங்க, அந்த மூட்டைகளத் தொழுவத்துல அடுக்குனா என்ன? விடியிறதுக்குள்ள ஓடி, பொழுது அடைஞ்ச பெறகு ஓடி, முடியலங்க" என்றாள். நான் கால் கழுவிக்கொண்டிருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஊர்ல அம்புட்டுப் பொம்பளையும் போறாளுக. ஒனக்கு மட்டும் அரமன வாழ்க்க கேக்குதோ? கொட்ட நனைஞ்சு போச்சுன்னா மாடு மோந்துகூடப் பாக்காது" என்றேன். நீ புது மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாய். அதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். ஏதோ சொல்ல வாயெடுத்தாய். பிறகு மறுபடியும் மிக்சியைப் போட்டுவிட்டாய். நீ என்ன சொல்ல வந்தாய் என்று நான் இன்று வரை கேட்டதில்லை.

என் தொழில் உனக்குத் தெரியும். உசிலம்பட்டிச் சந்தையிலும் திருமங்கலம் சந்தையிலும் நாற்பது வருஷம் மாட்டுத் தரகு. பல்லைப் பிடித்து வயசு சொல்வேன், நடையைப் பார்த்து எந்தக் காலில் பழைய அடி என்று சொல்வேன். மாடு வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, "தண்ணி காட்டச் சொல்லுங்க" என்பதுதான். வாளியை வைத்தால், வாயை வைத்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். மூக்கை மட்டும் நனைத்துவிட்டு முகத்தைத் திருப்பினால் உள்ளே ஏதோ சரியில்லை. ஒரு தடவை திருமங்கலத்தில், எட்டக் கட்டிக் கிடந்த ஒரு பசு காலையிலிருந்து தண்ணீர் தொடவில்லை என்று நான் சொல்ல, மாட்டுக்காரன் சட்டையைப் பிடிக்க வந்தான். மூன்றாம் நாள் அது செத்துப்போனது. "அண்ணே கண்ணுக்குத் தப்பாதுப்பா" என்று சந்தையில் பேர் வாங்கினேன். அந்தக் கண்ணோடுதான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, உன் அம்மா ஒச்சம்மாள் போட்ட சோற்றை முப்பத்தைந்து வருஷம் தின்றேன். அவள் தண்ணீர் குடிப்பதில்லை என்பது என் கண்ணில் படவில்லை. விடியற்காலையில் கஞ்சியோடு ஒரு வாய். அப்புறம் இருட்டும் வரைக்கும் நாக்கை நனைக்கிற அளவுதான். களையெடுக்கப் போனாலும் கதிரறுக்கப் போனாலும் அவ்வளவுதான். குடித்தால் போகவேண்டி வரும், பகலில் போக மறைவு கிடையாது, அதனால் குடிக்காமலே பழகிவிட்டாள். இதை எனக்கு விளங்கச் சொன்னது பாண்டியம்மா, அதுவும் அவள் படுக்கையில் விழுந்த பிறகு. "இது தெரியாமயா அண்ணே அதோட குடும்பம் நடத்துனீக?" என்று கேட்டது. அந்தக் கேள்வியை எழுதாமல் விடப் பார்த்தது. நான்தான் எழுது என்றேன்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. உனக்கும் ஞாபகம் இருக்கும், நீ வாய்விட்டுச் சொன்னதில்லை. உன் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு நீயும் மாப்பிள்ளையும் வந்தீர்கள். அவனியாபுரத்துப் பிள்ளை, லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர், அவர் காட்டுப் பக்கம் ஒதுங்க மாட்டார் என்பது எனக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருந்தது பார். முந்தின நாளே மூட்டைகளை எல்லாம் வெளியே எடுத்தேன். சுண்ணாம்பு அடித்தேன். உசிலம்பட்டிக்குப் போய்ப் புது வாளி, மக்கு, சோப்பு டப்பா வாங்கிவந்தேன். தண்ணீரும் நானே நிரப்பி வைத்தேன். "மாப்ளைக்கு ஒரு கொறையும் இருக்கக் கூடாது" என்று உன் அம்மாவிடம் பத்துத் தடவை சொன்னேன். மூன்று நாள் நீங்கள் இருந்தீர்கள். அந்த மூன்று நாளும் உன் அம்மா சோற்றுக்கு நடுவில் செம்பைத் தூக்கி மடக்கு மடக்கென்று தண்ணீர் குடித்தாள். கறிக்குழம்பில் காரம் கூடிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் பஸ் ஏறிய அன்று மத்தியானமே மூட்டைகளைத் திரும்ப உள்ளே அடுக்கினேன். உன் அம்மா ஒரு மூட்டையின் அடுத்த முனையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "பையத் தூக்குங்க, இடுப்பப் பிடிச்சுக்கிரப் போகுது" என்றாள். யாருடைய இடுப்பைச் சொன்னாள் தெரியுமா, என்னுடைய இடுப்பை.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். முதலில் நீர்க்கடுப்பு. பொம்பளைகளுக்கு வருவதுதான் என்று பார்லியைக் காய்ச்சிக் கொடுத்தோம். பிறகு கல். பிறகு காய்ச்சலும் குளிருமாக வருஷத்துக்கு நாலு தடவை. நாட்டு மருந்து, மெடிக்கலில் சொல்லி வாங்கிய வலி மாத்திரை. முகம் வீங்கியபோதுதான் மதுரைக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்கள். "இந்த ஒரு காரணத்துனாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன் பெரியவரே. பிரஷர் இருந்திருக்கு, வலி மாத்திர நெறையாச் சாப்பிட்டிருக்காங்க. ஆனா தண்ணியும் குடிக்காம, வர்றதையும் அடக்கி அடக்கி வச்சா கிட்னி எம்புட்டுத்தான் தாங்கும்?" பிரஷரைச் சொன்னதும் ஒரு நொடி எனக்கு மனசு லேசானது. அந்த ஒரு நொடியை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

வாரத்துக்கு இரண்டு நாள் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும் என்றார்கள். முதல் தடவை போய்விட்டு வந்த மறுநாள், மூட்டை முழுவதையும் தெருவில் போட்டேன். அந்த அறையைக் கழுவினேன், சுவரில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி வைத்தேன், லைட்டும் போட்டேன். ஒரே நாள் வேலை, செல்வி. இத்தனை வருஷம் செய்யாமல் விட்டது ஒரு நாள் வேலை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, "ஒச்சம்மா, இந்தா வந்து பாரு" என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தேன் இருக்கு. எனக்குத்தேன் இப்ப ஒண்ணும் வரமாட்டேங்குதே" என்றாள். சிறுநீர் நின்று போயிருந்தது. தண்ணீரும் அளந்துதான் கொடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு நாலு டம்ளருக்கு மேல் கூடாது. கோடைக்காலம். தொழுவத்தில் மாடு வாளியில் வாய்வைத்து இழுக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தலையைத் திருப்பிப் பார்ப்பாள். ஒரு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சிரித்தாள். "நான் குடிக்காம கெடந்தப்ப ஒருத்தரும் குடின்னு சொல்லல. இப்ப குடிக்கிறேங்குறேன், அம்புட்டுப் பேரும் வேணாங்குறீக" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். இரண்டு வருஷம் அப்படி ஓடியது. பிறகு அவள் போய்விட்டாள்.

அவள் போன பிறகு சும்மா உட்கார்ந்திருக்கிற எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. வீட்டில் இருக்கிற ஒவ்வொன்றையும், சந்தையில் புது மாட்டைச் சுற்றிவந்து பார்ப்பதுபோலச் சுற்றிவந்து பார்க்கிறேன். கொல்லைப்பக்கப் படி இருக்கிறதே, ஒன்றரை அடி உயரம். நம் வீட்டில் எல்லோருக்கும் முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில் தழும்பு இருக்கும், உனக்கும் இருக்கிறது. கொத்தனாரைக் கூப்பிட்டு நடுவில் ஒரு படி வைத்தேன். காப்பி குடித்து முடிப்பதற்குள் வைத்துவிட்டுப் போனார். அடுப்படியில் வெளிச்சத்துக்கு நாலு ஓடு எடுத்துக் கண்ணாடி ஓடு மாற்றி, புகை போகப் பக்கத்தில் ஒரு பொந்தும் விட்டிருக்கிறேன். தண்ணீர்ப் பானையைக் குனியாமல் எடுக்கிற உயரத்துக்கு ஏற்றியிருக்கிறேன். எல்லாம் சின்னச் சின்ன வேலை. ஒவ்வொன்றும் முடியும்போது சந்தோஷம் வரவேண்டும், அதுதானே முறை? எனக்கு வருவதில்லை. இம்புட்டுத்தானா, இம்புட்டுத்தானா என்று நெஞ்சில் குத்துகிறது. வறுமையினால் செய்யாமல் விட்டது கொஞ்சம்தான். அது அப்படித்தான் என்று நினைத்துச் செய்யாமல் விட்டதுதான் வீடு நிறையக் கிடக்கிறது.

அப்படிப் பார்க்கப் பழகிய கண்ணோடு இருக்கையில்தான் நீ அம்மாவின் இரண்டாவது தெவசத்துக்கு வந்தாய். உச்சி வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள், நான் நீட்டிய செம்பை வாங்கி, வாயை நனைத்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டாய். உன் காலைப் பார்த்தேன். கால் வீங்கி, கொலுசு கழற்றிய இடத்தில் தடம் பள்ளமாக இருந்தது. நீ பின்னால் போய்விட்டு வரும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாய். "கடுப்பா?" என்று பாண்டியம்மா கேட்டதற்கு, "அதெல்லாம் எப்பவும் இருக்குறதுதான் அத்த. கடையில காலைல ஒம்பதரைக்கு நின்னா ராத்திரி ஒம்பது வரைக்கும் நிக்கணும். பாத்ரூம் போகணும்னா சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டு, மேல அஞ்சாவது மாடிக்கு ஏறணும். அதுனால தண்ணி குடிக்கிறதில்ல. எல்லாருமே அப்படித்தான்" என்று சொன்னாயாம். எல்லாருமே அப்படித்தான். நான் உன் அம்மாவிடம் சொன்ன அதே நியாயத்தை நீ உனக்கே சொல்லிக்கொள்கிறாய்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறி மதுரைக்கு வந்துவிட்டேன். உன் கடைக்கு எதிர்ச் சாரியில், ஜூஸ் கடை ஓரமாக நின்றுகொண்டேன். கண்ணாடி வழியாக நீ தெரிந்தாய். நீலச் சேலை, தோளில் பின் குத்திய அட்டை. சேலையை விரிக்கிறாய், மடிக்கிறாய், விரிக்கிறாய். பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை பார்த்தேன். சாப்பிடப் போன நேரம் போக, நீ ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஜூஸ் கடைக்காரர், "என்ன பெருசு, காலைலருந்து கடையையே பாத்துக்கிட்டு நிக்கிறீக? பொண்ணு பாக்க வந்தீகளா?" என்று கேலி பேசினார். "ஆமாய்யா, என் பொண்ணத்தேன் பாக்குறேன்" என்றேன். அதற்குமேல் தாங்கவில்லை. உள்ளே வந்துவிட்டேன். டை கட்டிய அந்தச் சூப்பர்வைசர் தம்பி, "வாங்கய்யா, என்ன சேல பாக்குறீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டது. நான்தான் கத்தினேன். "சேல வேணாம்யா. எம் மக மூத்திரம் போகணும், விடு" என்றேன். சேலை பார்த்துக்கொண்டிருந்த பொம்பளைகள் எல்லோரும் திரும்பினார்கள். ஒருத்தி சிரித்தாள். உன் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதைப் பார்த்தேன். உனக்காகப் பேசுகிறேன் என்று நினைத்து, உன்னை நடுச்சந்தையில் நிறுத்தி வைத்தேன்.

அம்மா இருந்தபோது இந்த வாய் எங்கே போனது என்று கேட்டாயே, எங்கேயும் போகவில்லை. அது இங்கேதான் இருந்தது. அவளை அடக்குவதற்குப் பயன்பட்டது. இதுதான் பதில். இதற்குமேல் நல்லதாக ஒரு பதில் கிடைக்குமா என்று இருபத்திரண்டு நாளாகத் தேடினேன். இல்லை.

மன்னிக்கச் சொல்லவில்லை. மன்னிக்கவேண்டியவள் இப்போது உயிரோடு இல்லை, உன்னை அந்த இடத்தில் உட்காரவைக்க எனக்கு உரிமையும் இல்லை. வேலையை விடு என்றும் சொல்லவில்லை. உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு நேற்றுப் போன் போட்டேன். மறுவீட்டுக் கதையைச் சொன்னேன், உனக்குச் சிறுநீரும் ரத்தமும் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னேன். "மாமா, அது தண்ணி குடிக்குதா இல்லையான்னு நானும் கவனிச்சதில்ல மாமா" என்றார். என்னைவிட நல்லவர், சொன்னதும் ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை லீவு போட்டு உன்னைக் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறார். வீம்பு பண்ணாமல் போ. கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டமே வந்துவிட்டதாகப் பாண்டியம்மா சொல்கிறது. உன்னோடு நிற்கிற பிள்ளைகளும் நீயும் சேர்ந்து, உட்காரவும் வேண்டும், போய்வரவும் வேண்டும் என்று கேளுங்கள். நான் கேட்டதுபோல இல்லாமல், நீங்கள் கேட்கிற முறையில் கேளுங்கள். ஒருத்தியாகக் கேட்டால் என்ன பதில் வரும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பதிலைச் சொன்னவன் நான்.

கடைசியாக ஒன்று. பாண்டியம்மா, "கை வலிக்குதுண்ணே, முடிச்சுக்கிருவமா?" என்கிறது. இதை மட்டும் எழுதிவிடச் சொல்லியிருக்கிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்திருக்கிற நேரத்துக்கு, நம் தெருப் பெண்கள் வரிசையாகக் கண்மாய்க்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்குப் போவார்கள். முன்னால் உன் பெரியம்மா விருமாயி, பாம்புக்குப் பயந்து கம்பைத் தட்டிக்கொண்டே போவாள். விருமாயி நாலு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போனாள். அடுத்து எதிர்வீட்டுக் கருப்பாயி. கம்பு தட்டியும் அவளைப் பாம்பு கடித்தது, அந்தக் காட்டிலேயே. அவள் மாமியார் ராக்கு வயசாகிப் போய்ச் சேர்ந்தாள். அவர்களுக்குப் பின்னால் போகும் சடச்சிக்குக் கர்ப்பப்பை இறங்கி, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, சொன்னபோது புண்ணாகிப் போயிருந்தது, அதிலேயே செத்தாள். எல்லாப் பழியையும் நான் அந்த நடைமேல் போடவில்லை. ஆனால் ஐந்து பேர் போனதை என் கண்ணால் பார்த்தேன், ஐந்தாவது ஒச்சம்மாள். அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அரைத்தூக்கத்தில், செருப்பில்லாத காலோடு ஆறாவதாக ஒரு பிள்ளை போகும். இன்றைக்கு அந்த வரிசையில் உயிரோடு இருப்பது அந்தப் பிள்ளை ஒன்றுதான். அதன் பேர் முத்துச்செல்வி.